மகன் சொல்வது சரியா, கணவர் சொல்வதா? – தொழில்நுட்பக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர், ஐந்து கைப்பேசி. எல்லார் படமும் வீடியோவும் சேர்த்தால் 400 ஜிபி வரும். கூகல் கொடுத்த 15 ஜிபி எப்போதோ நிரம்பிவிட்டது. சும்மா கிடக்கும் பழைய மேசைக் கணினியில் ‘இம்மிச்’ என்ற படச் சேமிப்பு மென்பொருளைப் போட்டு வீட்டு சர்வராக்கலாம் என்கிறான் மகன். பேசாமல் கூகலுக்கே மாதாமாதம் கட்டிவிடுவோம் என்கிறார் கணவர். எதைச் செய்வது?
– வாசகி, செந்தூல்

மகன் படிக்க வெளியூர் போய்விட்டால் அந்தப் பெட்டியை யார் பார்த்துக்கொள்வார்? இதற்கு வீட்டில் ஒரு பெயர் சொல்ல முடிந்தால் மகன் பக்கம் நில்லுங்கள். முடியாவிட்டால் கணவர் சொல்வதைக் கேளுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கூகல் கணக்கை முதலில் பார்ப்போம். திட்டங்கள் 100 ஜிபி, 200 ஜிபி என்று வந்து அடுத்து 2 டிபிக்கு, அதாவது ஏறக்குறைய 2,000 ஜிபிக்கு, தாவுகின்றன. உங்கள் 400 ஜிபி நடுவில் மாட்டுவதால் 2 டிபி திட்டம்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அதைக் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரோடு பகிரலாம், ஆளுக்கொன்று வாங்கவேண்டியதில்லை. காசு கட்டும் முன் ஒரு வேலை: ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வாட்ஸ்ஆப் பேக்கப்பும் 2024 முதல் அந்த 15 ஜிபியைத்தான் தின்கிறது. வாட்ஸ்ஆப்பின் சாட் பேக்கப் அமைப்பில் வீடியோவைச் சேர்க்கும் பொத்தானை அணையுங்கள். காலை வணக்கப் பூங்கொத்து வீடியோக்களுக்கு வாடகை கட்டுவானேன்?

இனி சர்வர், அதாவது இரவு பகலாக ஓடி எல்லார் படத்தையும் வைத்திருக்கும் வீட்டுக் கணினி. பழைய மேசைக் கணினி சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 24 மணி நேரம், 30 நாள்: 43 யூனிட். யூனிட்டுக்கு 50 சென் என்று தோராயமாகப் போட்டால் மாதம் 21 ரிங்கிட்டுக்கு மேல். இன்டெல் என்100 சில்லு வைத்த சின்ன மினி கணினி 10 வாட் அளவில் ஓடும்; 7 யூனிட், மூன்றரை ரிங்கிட்டுக்குப் பக்கம். உங்கள் தெனாகா மின்கட்டண பில்லில் இருக்கும் விலையை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இலவசமாகக் கிடைத்த கணினி இலவசமாக ஓடாது.

மினி கணினிக்கு 8 ஜிபி ராம் போதும், 16 இருந்தால் நிம்மதி. 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு) ஒன்று இயங்குதளத்துக்கும், பட விவரங்களைக் குறித்துவைக்கும் தரவுதளத்துக்கும். படங்களுக்கு 2 டிபி வட்டு (ஹார்ட் டிஸ்க்) ஒன்று, அதே அளவில் யுஎஸ்பி வட்டு இன்னொன்று. இம்மிச் தயாரிக்கும் சிறுபடங்களும் மாற்றிய வீடியோக்களும் மூலத்தைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் கூடுதலாக இடம் பிடிக்கும், ஆகவே 400 ஜிபி என்பது 480 வரை போகும்.

எந்த மென்பொருள்? ட்ரூநாஸ், அன்ரெய்டு போன்ற சேமிப்பு இயங்குதளங்கள் என்று மகன் காட்டும் காணொளிகள் நான்கைந்து வட்டு அடுக்குபவர்களுக்கானவை. ஒரு வட்டுக்கு அவை தேவையில்லை. டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம், அதன்மேல் மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர், அதற்குள் இம்மிச், கதை முடிந்தது. கட்டளை அடிக்கப் பிடிக்காதென்றால் டெபியன்மேல் ஓப்பன்மீடியாவால்ட் போட்டால் உலாவியிலேயே பாதி வேலையைப் பார்க்கலாம். இரண்டு வட்டையும் ரெய்டாக (ஒரே நேரத்தில் இரண்டிலும் எழுதும்படி) இணைக்காதீர்கள். ஒன்றில் அழித்தது மறுகணமே மற்றதிலும் அழிந்துவிடும். ஒரு வட்டு செத்தாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்கத்தான் ரெய்டு. அதை நகல் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

இம்மிச்சில் பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு.

முதலாவது, படக் கோப்புறையை மட்டும் நகலெடுப்பது. ஆல்பங்கள், முகங்களுக்கு வைத்த பெயர்கள், யாருடைய படம் எது என்ற விவரமெல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் இருக்கின்றன. எஸ்எஸ்டி போனால் படம் மிஞ்சும், ஒழுங்கு போய்விடும். இம்மிச் தினமும் இரவு 2 மணிக்குத் தரவுதளத்தின் பிரதி ஒன்றைத் தன் கோப்புறைக்குள் ‘பேக்கப்ஸ்’ என்ற இடத்தில் எழுதி, கடைசி 14 பிரதிகளை வைத்திருக்கும். ஆகவே 3 மணிக்கு அந்த மொத்தக் கோப்புறையையும் ‘ஆர்சிங்க்’ என்ற நகலெடுக்கும் கருவி மூலம் யுஎஸ்பி வட்டுக்கு அனுப்பும்படி வைத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். ஓடும் தரவுதளத்தின் கோப்புகளை நேரடியாக நகலெடுக்காதீர்கள், பாதி எழுதிய நிலையில் பிடிபட்டால் திரும்ப எழாது. யுஎஸ்பி வட்டை லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் வடிவமைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கரண்டு போய் வந்த பிறகு நடப்பது. சர்வர் எழுகிறது, ஆனால் பட வட்டு ஏதோ காரணத்தால் ஏறவில்லை, அதாவது கணினியோடு இணையவில்லை. டாக்கர் அதே பெயரில் ஒரு காலிக் கோப்புறையை இம்மிச்சுக்குக் காட்டுகிறது. இம்மிச் தன் கோப்புறைகளில் ஏற்கெனவே போட்டுவைத்த ‘.இம்மிச்’ என்ற சிறு கோப்பைத் தேடும். இல்லையென்றால் கிளம்பவே மறுத்து, படிக்க முடியவில்லை என்று திரும்பத் திரும்பக் கத்தும். பயந்துபோய் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுபவர்கள் உண்டு. வேண்டாம். அது உங்களைக் காப்பாற்றத்தான் கத்துகிறது. வட்டை ஏற்றிவிட்டு இம்மிச்சை மறுதொடக்கம் செய்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். இது திரும்ப நடக்காமல் இருக்க, எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டை அதன் யுயுஐடி என்ற மாறாத அடையாள எண்ணால் குறிப்பிடுங்கள். ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ போன்ற பெயர்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் இடம் மாறக்கூடும்.

கூகலிலிருந்து பழைய படங்களை இறக்க ‘டேக்அவுட்’ என்ற கூகலின் சேவையே இருக்கிறது. 50 ஜிபி பொட்டலமாகக் கேளுங்கள், 2 ஜிபி வைத்தால் சின்னச் சின்னக் கோப்புகளாக வந்து குவியும். எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் ஜேசன் எனும் தனித்தனி விவரக் கோப்புகளில் வரும். கையால் இழுத்துப் போட்டால் சில படங்களின் தேதி மாறி, 2016 தீபாவளி இந்த வருடத்துக்குள் வந்து உட்காரும். ‘இம்மிச்-கோ’ என்ற சிறு கருவி அவற்றைச் சேர்த்துப் படித்து ஏற்றும்.

யுஎஸ்பி வட்டை வேறொரு கணினியில் செருகி, பழைய பிரதியிலிருந்து இம்மிச்சை ஒருமுறை மீட்டுப் பாருங்கள். அது நடக்கும்வரை கூகலில் ஒரு படத்தையும் அழிக்காதீர்கள். கணவர் பக்கம் போனாலும் ஆண்டுக்கொருமுறை டேக்அவுட் எடுத்து வீட்டில் ஒரு வட்டில் வைப்பது நல்லது.

கேள்வி: வீட்டு சர்வர் வீட்டு வைஃபையில் நன்றாக ஓடுகிறது. வெளியே போனால் திறக்கவில்லை. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்தும் பயனில்லை.
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுக ஐபி எண்ணை, அதாவது இணைய முகவரியை, பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் பலரோடு ஒரே பொது எண்ணைப் பகிர்கிறீர்கள். அந்த நிலையில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு தெரியாது. வேறு எண் என்றாலும், உலாவியில் ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வரும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போனாலும் போர்ட்டை மூடிவிடுங்கள் என்பதே எங்கள் பேச்சு. திறந்த போர்ட்டை உலகம் முழுக்க இயந்திரங்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கின்றன. உங்கள் கருவிகளை மட்டும் தனிவழியில் இணைக்கும் ‘டெயில்ஸ்கேல்’ செயலியைச் சர்வரிலும் கைப்பேசியிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழையுங்கள். சர்வருக்கு ஒரு தனி எண் கிடைக்கும் (அதுவும் 100-இல்தான் தொடங்கும், குழம்ப வேண்டாம்), செயலியில் அந்த எண்ணைப் போட்டால் ஆயர் ஈத்தாமில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் திறக்கும். டெயில்ஸ்கேல் தளத்தில் சர்வருக்கு மட்டும் சாவிக் காலாவதியை அணைத்துவிடுங்கள். மறந்தால் சில மாதம் கழித்துச் சர்வர் தானாக வெளியேறிவிடும், நீங்கள் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து.

இதோடு யூனிஃபை இணையச் சேவையின் ரவுட்டரையும் மாற்றும் யோசனை இருந்தால்: இணைப்புக்குள் நுழையும் பிபிபிஓஇ பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் போதாது, ரவுட்டர் அமைப்பில் வி-லான் (இணைப்பின் தடம்) எண் 500 கொடுத்தால்தான் இணைப்பு ஏறும்.

கேள்வி: மாலை மழை வந்தாலே எங்கள் தாமானில் கரண்டு ட்ரிப் ஆகிறது. சர்வருக்கு யுபிஎஸ் வேண்டுமா, சர்ஜ் பிளக் போதுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

இரண்டும் வெவ்வேறு வேலைக்கு. சர்ஜ் பிளக் மின்னல் தள்ளும் மிகையழுத்தத்தை எர்த் கம்பிக்குத் திருப்பிவிடும். இரண்டு முள் அடாப்டர் வழியாகவோ எர்த் இல்லாத நீட்டிப்புக் கம்பியிலோ செருகினால் அது பெரும்பாலும் பெயருக்குத்தான் சர்ஜ் பிளக். திடீரென அணைவதைத் தடுப்பது யுபிஎஸ். மினி கணினி, ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து 30 வாட் அளவுதான், 650 விஏ திறன் தாராளம். யுஎஸ்பி துளை உள்ளதாக வாங்கி, லினக்ஸில் ‘நட்’ மென்பொருளோடு இணைத்தால் மின்கலம் தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணையும். பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு) ‘மின்சாரம் வந்ததும் இயங்கு’ என்பதையும் வைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயக்கலம், நம் வெக்கைக்கு இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், மொத்தப் பெட்டியை வீச வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 1,000 ரிங்கிட்டுக்குள் கைப்பேசி. லோயாட் பிளாசாவில் ஒரே மாடல் ஏ.பி. செட் என்றால் விலை குறைவு, மலேசிய செட் என்றால் கூடுதல். எதை எடுக்க?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

ஏ.பி. செட் என்பது வேறு நாட்டுக்காகச் செய்து இங்கே இறக்குமதியானது. அம்மாவுக்கு என்றால் மலேசிய செட். காரணம் உத்தரவாதம் மட்டுமல்ல. இங்கே 3ஜி 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. ஆகவே அழைப்பு 4ஜி வழியாகப் போக வேண்டும், அதற்கு ‘வோல்ட்டி’ வசதி நம் நிறுவனத்தின் சிம்மோடு ஒத்துழைக்க வேண்டும். வேறு நாட்டுக்காகச் செய்த செட்டில் அது இயங்காவிட்டால் அழைப்பு 2ஜிக்கு இறங்கும். குரல் கரகரக்கும், பேசும்போது டேட்டாவும் நின்றுவிடும். கடையிலேயே சோதிக்கலாம்: அம்மாவின் சிம்மைப் போட்டு, வைஃபையை அணைத்து, யாரையாவது அழையுங்கள். மேலே 4ஜி என்று இருந்தது பேச்சின் நடுவில் ‘இ’ அல்லது ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தாக மாறினால் அந்த செட்டை மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.

அதே இடத்தில் *#06# அழுத்தி, வரும் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சிரிம் என்ற மலேசியத் தரச்சான்று முத்திரையையும் பாருங்கள்.

இந்த விலையில் கடைக்காரர் ராமைத்தான் பெரிதாகச் சொல்வார். ‘8 கூட்டல் 8, மொத்தம் 16’ என்றால் பின்னால் வரும் 8 ராம் அல்ல. சேமிப்பிலிருந்து கடன் வாங்கிய இடம், அதைவிடப் பலமடங்கு மெதுவானது. நீங்கள் கேட்க வேண்டியது சேமிப்பு வேகமான யுஎஃப்எஸ்ஸா, மெதுவான இஎம்எம்சியா என்று. இஎம்எம்சி செட் வாங்கிய அன்று ஓடும், ஒரு வருடத்தில் வாட்ஸ்ஆப் திறக்கவே யோசிக்கும். பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருடம் என்பதையும் விற்பனையாளர் வாயால் கேட்காமல் தயாரிப்பாளர் பக்கத்தில் பாருங்கள்; வருடக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. என்எஃப்சி (அருகில் வைத்தால் அட்டையைப் படிக்கும் வசதி) இருந்தால் புதிய டச் அண்ட் கோ கட்டண அட்டையைக் கைப்பேசியின் முதுகில் வைத்தே நிரப்பலாம்.

கொடுக்கும் முன், உலாவிக்கும் வாட்ஸ்ஆப்புக்கும் ‘அறியாத செயலிகளை நிறுவும்’ அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்யாண அழைப்பிதழ் என்று வரும் ஏபிகே (செயலியை நிறுவும்) கோப்பு அங்கேதான் நுழைகிறது. அம்மாவின் தொடர்புப் பட்டியலில் 997 எண்ணையும் சேருங்கள், வங்கி மோசடி நடந்தால் உடனே அழைக்க.

கேள்வி: பிக்சல் கைப்பேசியில் கிராஃபீன் இயங்குதளம் போட ஆசை. வங்கிச் செயலி ஓடுமா?
– வாசகர், குளுகோர், பினாங்கு

கிராஃபீன் என்பது தனியுரிமைக்காகக் கூகல் சேவைகளை நீக்கிய ஆண்ட்ராய்டு. அதில் சிலது ஓடும், சிலது கூகலின் சான்றளிப்புச் சோதனையில் தோற்று மறுக்கும். செயலி ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் இது மாறலாம். இங்கே பரிமாற்ற ஒப்புதல் எஸ்எம்எஸ்ஸிலிருந்து செயலிக்கு மாறிவிட்டதால், செயலி திறக்காவிட்டால் கையில் காசு இருந்தும் இல்லாத மாதிரி. ஒப்புதல் வசதியைப் புதிய கைப்பேசிக்கு மாற்றினால் சில வங்கிகளில் 12 மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். பழைய கைப்பேசியை இரண்டு வாரம் அப்படியே வைத்துக்கொண்டு, முதலில் மற்றதையெல்லாம் மாற்றுங்கள், வங்கியைக் கடைசியில். பழைய பிக்சல் வாங்குவதானால் காசு கொடுக்கும் முன் டெவலப்பர் அமைப்பில், வேறு இயங்குதளம் ஏற்ற அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். இணையத்தில் இணைத்த பிறகும் மங்கலாக இருந்தால் அது வெளிநாட்டு நிறுவனம் பூட்டிய செட்டாக இருக்கலாம். அப்படியானால் கிராஃபீன் ஏறாது.

கேள்வி: 2016 மடிக்கணினி, விண்டோஸ் 10. வீசிவிடவா?
– வாசகர், செராஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. உங்கள் சில்லு விண்டோஸ் 11 கேட்கும் பட்டியலில் இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டால் உலாவிக்கும் கடிதங்களுக்கும் இன்னும் சில வருடம் ஓடும். சர்வராக்கினாலும் தோது, மின்கலமே யுபிஎஸ்ஸாக நிற்கும். மூடியை மூடினால் தூங்கிவிடும் என்பதால் லினக்ஸின் ‘லாகின்ட்’ அமைப்புக் கோப்பில் மூடிக்கான விதியைப் புறக்கணி என்று மாற்ற வேண்டும். எப்போதும் செருகியே இருக்கப்போவதால் மின்கலம் 80 சதவீதத்தில் நிற்கும்படி அமைக்க முடிகிறதா பாருங்கள். தொடுபலகை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றாலோ அழுத்தும்போது இறங்க மறுத்தாலோ அடியில் மின்கலம் உப்பியிருக்கிறது: அணைத்து, கம்பியைப் பிடுங்கி, கலத்தைக் குத்தாமல் வளைக்காமல் கடையில் கழற்றச் சொல்லுங்கள். பல மடிக்கணினிகள் கலம் இல்லாமலும் அடாப்டரிலேயே ஓடும்.