தாத்தாவின் லே-ஆஃப், பேரனின் லே-ஆஃப்

அன்புள்ள ஐயா,

என் அப்பா புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றவர். என் மகன் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்த்தான். சென்ற மாதம் அவனை 'லே-ஆஃப்' செய்துவிட்டார்கள். வீடே இடிந்துபோயிருக்க, அப்பா மட்டும் கலங்கவில்லை. "லே-ஆஃப்தானே? பாதிச் சம்பளம் வரும். தினமும் ஒரு தடவை கேட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரச் சொல்" என்கிறார். மகன் சிரிக்கிறான். லே-ஆஃப், லாக்-அவுட், குளோஷர் என்று அப்பா அடுக்கும்போது எனக்கும் எல்லாம் ஒன்றாகவே படுகிறது. கொஞ்சம் விளக்க முடியுமா?

ஒரு வாசகர், முதலியார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா சொல்வதுதான் சட்டம். சிரிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி லே-ஆஃப் என்றால் வேலை போய்விட்டது என்று பொருளில்லை. நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, பஞ்சு வரவில்லை, இயந்திரம் பழுது, புயல் என்று ஏதோவொரு காரணத்தால் முதலாளியால் வேலை கொடுக்க முடியவில்லை; தொழிலாளியின் பெயரோ மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் ஆள் பதிவேட்டில், அப்படியே இருக்கிறது. ஷிப்ட் தொடங்கும்போது போய் நின்று, இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தராவிட்டால் அன்றைக்கு லே-ஆஃப். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி உண்டு. ஆனால் நாளுக்கு ஒரு முறையாவது ஆலையில் முகம் காட்ட வேண்டும். காட்டாதவர் அந்தப் பாதியையும் கேட்க முடியாது. அப்பா கேட்டுக்குப் போகச் சொல்வது இதனால்தான்.

புதுச்சேரிக்காரர்கள் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1898இல் இங்கே தொடங்கிய ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை 2011 டிசம்பரில் 'தானே' புயலிடம் அடிவாங்கியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தொழிலாளர்கள் நெடுங்காலம் லே-ஆஃபில் கிடந்தார்கள். 2020 ஏப்ரலில் ஆலையே நிரந்தரமாக மூடப்பட்டது. அதுதான் குளோஷர். லாக்-அவுட் வேறு சங்கதி. பஞ்சும் இருக்கும், ஆர்டரும் இருக்கும். தொழிலாளர்களோடு தகராறு முற்றி முதலாளி கேட்டைப் பூட்டுவார். தமிழ்ப் பத்திரிகைகள் வெகுகாலமாகக் கதவடைப்பு என்று எழுதிவருவது இதைத்தான்.

மகனுக்கு நடந்தது இதில் எதுவுமில்லை. அமெரிக்க நிறுவனங்கள் ஆளை வீட்டுக்கு அனுப்புவதை லே-ஆஃப் என்கின்றன. நம் ஊர்க் கம்பெனிகளும் அதையே பிடித்துக்கொண்டன. நம் சட்டத்தில் அதன் பெயர் ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். 1947 சட்டத்தின் இடத்துக்கு இப்போது 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இந்த அடிப்படைகள் அதிலும் இருக்கின்றன. ஆனால் மேலாளர் பொறுப்பில் இருந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவன் பதவியின் பெயரைவிட, அன்றாடம் என்ன வேலை செய்தான் என்பதே இதில் முக்கியம்.

எனக்குக் கவலை வேறொன்று. மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் அது ராஜினாமா. பிறகு ஆட்குறைப்பு இழப்பீடு கேட்பது பெரும்பாடு. மகன் எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று இன்றே கேளுங்கள். இன்னும் போடவில்லை என்றால், தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் தாளைக் காட்டும்வரை போட வேண்டாம்.