அந்தமான்காரங்க நமக்குப் பாட்டனா, பங்காளியா?

கேள்வி (மதுரை வாசகர்): அந்தமான்ல இருக்கற சென்டினல் தீவு ஆளுங்க 60,000 வருஷம் முன்னாடி ஆப்பிரிக்காவுல இருந்து நேரா வந்து அங்கேயே இருக்காங்கன்னு வாட்ஸ்அப்புல ஒரு மெசேஜ் சுத்துது. நிசமா?

பதில்: ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்கதான், ஆனா அந்தக் கணக்குல நீங்க, நான், சீனாக்காரர் எல்லாருமே அங்கேருந்து வந்தவங்கதானே சார். கறுப்பு நிறம், சுருட்டை முடி, குட்டையான உடம்பு, இதைப் பார்த்துட்டு ஆப்பிரிக்கான்னு முடிவு கட்டிடறாங்க. டிஎன்ஏ வேற சொல்லுது, அதுபடி அந்தமான்காரங்க, அதாவது அங்கத்த பழங்குடிகள், ஆப்பிரிக்கர்களை விட ஆசியாக்காரங்களுக்குத்தான் நெருக்கம்.

இந்த மெசேஜுக்கு மூலம் எதுன்னா, ஹைதராபாத்ல சிசிஎம்பிங்கற உயிரியல் ஆராய்ச்சி மையத்துல தங்கராஜ், லால்ஜி சிங் டீம் 2005ல வெளியிட்ட ஆராய்ச்சியா இருக்கணும். ஓங்கே, கிரேட் அந்தமானீஸ்னு ரெண்டு அந்தமான் பழங்குடிக் குழுவோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை, அதாவது அம்மா வழியா மட்டுமே வர்றதை, முழுசா படிச்சாங்க. எம்31, எம்32ன்னு ரெண்டு கிளை கிடைச்சுது, ரெண்டும் ரொம்பப் பழசு, இந்தியாவுல பாதிக்கு மேல பேருக்கு இருக்கற எம்-ங்கற பெரிய குடும்பத்துல இருந்து ஆதியிலயே பிரிஞ்சது. உடனே தீவுலயும் அவ்வளவு காலமா இருக்காங்கன்னு எழுதிட்டாங்க. கிளை பிரிஞ்ச காலம் வேற, தீவுல கால் வச்ச காலம் வேற இல்லையா? அடுத்த வருஷமே எம்31ல ஒரு பிரிவு மேற்கு வங்காளத்துல இருக்கற ராஜ்பன்ஷிங்கற சமூகத்துக்காரங்ககிட்ட கிடைச்சுது. அந்தமான்ல பழைய ஆளுங்க தின்னுட்டுப் போட்ட சிப்பி ஓட்டுக் குவியல்களைத் தோண்டினா கிடைக்கற பழைய தேதியே 2,200 வருஷம் பக்கம்தான், அதுக்கு முன்னாடி ஆளே இல்லைன்னு அர்த்தமில்லை, கடல் ஏறினதுல பழைய கரையோரம் பலதும் முங்கிப் போயிருக்கும்.

இன்னொண்ணு, சென்டினல் ஆளுங்க டிஎன்ஏவை இதுவரைக்கும் யாரும் எடுத்ததே இல்லை. ஓங்கே, ஜாரவா மாதிரி பக்கத்துத் தீவுப் பழங்குடிகளை வச்சு ஊகிக்கறதுதான் எல்லாம்.

கேள்வி (கோவை வாசகி): அப்போ தென்னிந்தியர்களோட மூதாதையர் இவங்கதானா?

பதில்: இல்லைங்க, பங்காளிங்க. 2009ல அதே ஹைதராபாத் டீம் ஹார்வர்ட் மரபணு விஞ்ஞானி டேவிட் ரைக்கோட சேர்ந்து ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. இன்னைக்கு இந்தியாவுல பெரும்பாலான குழுக்கள் ரெண்டு பழைய கூட்டத்தோட கலப்புன்னு சொன்னாங்க, அதுல ஒண்ணுக்குப் பேர் ஆதி தென்னிந்தியர். சிக்கல் என்னன்னா அந்தக் கூட்டம் கலக்காம தனியா இன்னைக்கு மெயின்லேண்ட்ல எங்கயுமே இல்லை. அவங்களுக்குத் தூரத்துச் சொந்தமா, கலக்காம இருக்கறது ஓங்கேதான், அதனால யார்கிட்ட அந்தப் பங்கு எவ்வளவுன்னு அளவு பார்க்க ஓங்கேவை வச்சுக்கிட்டாங்க. பத்திரிகைக்காரங்க இதைப் படிச்சுட்டு பாட்டன் பூட்டன்னு தலைப்பு போட்டுட்டாங்க, நாங்களும் பத்திரிகைதான், என்ன செய்ய. பொதுவான பாட்டன் இருந்தார், பல பத்தாயிரம் வருஷம் முன்னாடி பாகம் பிரிஞ்சுது, அவ்வளவுதான். பணியர், இருளர் மாதிரி பழங்குடிகள்ல அந்த ஆதி தென்னிந்தியப் பங்கு அதிகம், மத்தவங்ககிட்டயும் கூடக்குறைய இருக்கு.

கேள்வி (திருச்சி வாசகர்): சயன்ஸ் இவ்வளவு வளர்ந்தும் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க முடியாதா?

பதில்: முடியாதுங்கறது இல்லை, எடுக்கக்கூடாது. 1956லயே பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. 1880ல போர்ட்மேன்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி சென்டினல்ல இறங்கி, ஒரு வயசான ஜோடியையும் நாலு குழந்தைகளையும் பிடிச்சு போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். வந்ததும் எல்லாருக்கும் உடம்புக்கு முடியாம போச்சு, பெரியவங்க ரெண்டு பேரும் செத்துட்டாங்க, குழந்தைகளைப் பரிசுப் பொருளோட திரும்பக் கொண்டுவிட்டார். அந்தக் குழந்தைங்க எந்த வியாதியைக் கூடவே கொண்டுபோச்சோ. கிரேட் அந்தமானீஸ் கதையும் இதேதான், 1858ல கைதிக் குடியிருப்பு வந்தப்போ சில ஆயிரம் பேர் இருந்தாங்க, தட்டம்மை, சிபிலிஸ்னு போய் 1961 கணக்கெடுப்புல 19 பேர். நாலு ஆராய்ச்சிக் கட்டுரைக்காக இன்னொரு தடவை வேண்டாம் சார்.

கேள்வி (சேலம் வாசகர்): பிலிப்பைன்ஸ் அய்த்தா ஆளுங்களும் இதே இனமா?

பதில்: பார்க்க ஒரே மாதிரி, ஆனா வேற வேற. சைபீரியா குகையில விரல் எலும்பு கிடைச்ச டெனிசோவன்ங்கற ஆதி மனுஷங்க டிஎன்ஏ, அய்த்தாவுல ஒரு குழுவுக்கு பப்புவா நியூ கினிக்காரங்களை விடவே ஜாஸ்தி. அந்தமான்காரங்ககிட்ட அது கிட்டத்தட்ட இல்லை. மழைக்காட்டு வாழ்க்கையில உடம்பு சின்னதாறது ஒவ்வொரு இடத்துலயும் தனித்தனியாவும் நடந்திருக்கலாம்.