ராக் அண்ட் ரோல்: இரண்டிலும் நான்கிலும் விழும் அடி (கேள்வி பதில்)

1945 முதல் 1960 வரை அமெரிக்காவில் உருவான ராக் அண்ட் ரோல் பற்றி என்னிடம் கேளுங்கள். நான் டிரம்ஸ் வாசிக்கிறவள். தாளம் பற்றிக் கேட்டால் அதிகம் பேசுவேன்.

கே: அக்கா, அந்தப் பெயருக்கே என்ன அர்த்தம்?

ஆடி உருள்வது. கப்பல் அலையில் ஆடுவதற்கு மாலுமிகள் சொன்ன சொற்கள். கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் பரிசுத்த ஆவி நிறைந்து உடம்பு தானாக ஆடுவதற்கும் அதையே சொன்னார்கள், படுக்கையறை விஷயத்துக்கும் அதையே சொன்னார்கள். டிரிக்ஸி ஸ்மித் 1922இல் பதிவு செய்த ஒரு ப்ளூஸ் (கறுப்பினத்தவர் உருவாக்கிய இசை வகை) பாட்டின் தலைப்பில் 'ராக்', 'ரோல்' இரண்டும் இருக்கின்றன. ஆலன் ஃப்ரீட் என்ற வானொலி அறிவிப்பாளர் 1950களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லி, இதை ஓர் இசை வகையின் பெயராகப் பரப்பினார்.

கே: முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு எது?

அப்படி ஒன்று கிடையாது. ராய் பிரவுன் பாடியது 1947, ஃபேட்ஸ் டாமினோ பாடியது 1949, 'ராக்கெட் 88' என்ற பாட்டு 1951 என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் அம்சம் முன்னாலேயே வந்திருக்கும். ஆண்டைத் தேடாதீர்கள், தாள அடியைக் கேளுங்கள்.

கே: பேக்பீட் என்கிறார்களே, அது என்ன? நான் மிருதங்கம் படிக்கிறேன்.

இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். நமக்குக் கை இயல்பாக ஒன்றில் விழும். ராக் அண்ட் ரோலில் ஸ்நேர் டிரம்மின் (சட்டென்று கூர்மையாக ஒலிக்கும் டிரம்) அடி இரண்டிலும் நான்கிலும் விழுகிறது. அதுதான் பேக்பீட். காஸ்பெல் என்ற பக்திப் பாட்டுகள் பாடும் தேவாலயத்தில் சபையே கைதட்டுவது அந்த இடங்களில்தான்.

இன்னொன்று நடை. ராக் அண்ட் ரோலுக்கு முன்னோடியான பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் இசை பெரும்பாலும் ஷஃபிள், அதாவது ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கும் உங்கள் திஸ்ர நடை. 'தகிட' சொல்லி, நடுவில் உள்ள 'கி'யை விழுங்குங்கள். அதுதான் ஷஃபிள். பாடகர் லிட்டில் ரிச்சர்ட் பியானோவில் உட்கார்ந்தால் அவருடைய வலது கை 'தக தக தக தக' என்று எட்டையும் சமமாக அடிக்கும். நியூ ஆர்லியன்ஸில் காஸிமோ மட்டாஸாவின் ஸ்டுடியோவில் அவருக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஏர்ல் பாமர். அந்த வலது கைக்கு ஈடுகொடுக்கத்தான் ஷஃபிளை விட்டு, சமமாகப் பிரியும் நேர் நடைக்கு வந்தேன் என்று பாமர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிட்டார் வாசித்துப் பாடிய சக் பெர்ரியின் 1958ஆம் ஆண்டு 'ஜானி பி. குட்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கிட்டார் நேராகப் போகிறது, டிரம்ஸ் இன்னும் ஊஞ்சலாடுகிறது. நேராகப் போகும் சதுஸ்ரமும் ஊஞ்சலாடும் திஸ்ரமும் ஒன்றையொன்று இழுக்கிற அந்த இழுப்பில்தான் உட்கார முடியாமல் எழுந்து விடுகிறோம். ராக் அண்ட் ரோலின் உயிர் எங்கே என்று கேட்டால் நான் காட்டும் இடம் அது.

கே: கிட்டாரின் கரகரப்பு எப்போது வந்தது?

பல ஊர்களில் பல விதமாக வந்தது. எனக்குப் பிடித்த கதை 1951 மார்ச்சில் மெம்ஃபிஸில் நடந்தது. 'ராக்கெட் 88' பதிவுக்கு வரும் வழியில் ஐக் டர்னர் குழுவின் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) பழுதானது. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். கரகரவென்று வந்த அந்த ஒலி ஸ்டுடியோக்காரர் சாம் ஃபிலிப்ஸுக்குப் பிடித்துப்போக, அப்படியே பதிவு செய்தார்.

கே: வீட்டுக்கு எந்த ஆம்ப் வாங்கலாம்?

கிட்டார்காரர்களைக் கேளுங்கள்.

கே: எல்லாவற்றுக்கும் முதல் பாட்டு எது மேடம்?

மேலே சொல்லிவிட்டேன்.

கே: வெள்ளையரான எல்விஸ் கறுப்பினத்தவரின் பாட்டுகளைத் திருடியவர்தானே?

1954 ஜூலையில் அவர் பாடிய முதல் வெற்றிப் பாட்டு ஆர்தர் குருடப் என்ற ப்ளூஸ் பாடகருடையது. குருடப்பிடம் கற்றதை எல்விஸ் மறைக்கவில்லை. ஆனால் குருடப்புக்குச் சேர வேண்டிய ராயல்டி அவர் சாகும்வரை ஒழுங்காக வரவில்லை. லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி' பாப் பட்டியலில் 17ஆம் இடத்தோடு நின்றது. அதையே வெள்ளையரான பாட் பூன் சாதுவாகப் பாடினார், 12ஆம் இடம் போனது. சக் பெர்ரியின் 'மேபலீன்' பாட்டை எழுதியவர்களில் ஒருவராக ஆலன் ஃப்ரீட் பெயரும் அச்சானது, அவர் ஒரு வரிகூட எழுதாமலே. திருட்டைத் தேடுகிறவர்கள் பாடகரின் குரலை விட்டுவிட்டு கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள்.

கே: பாடகி சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பையும் ராக் அண்ட் ரோலில் சேர்க்கிறார்கள். அவர் பாடியது பக்திப் பாட்டு. ராக் என்றால் கலகம் இல்லையா?

அவர் 1944இல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே'யைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அந்த எலக்ட்ரிக் கிட்டாரும் பியானோவும் போகிற வேகத்தில் சக் பெர்ரிக்கான பாதை கேட்கிறது.

கே: கேட்டேன். வரிகளில் கடவுள்தான் இருக்கிறார்.

இருக்கட்டுமே. அந்த மாதிரிக் கடவுள் பாட்டுகளை அவர் 1938இல் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில், குடித்து ஆடுகிறவர்கள் நடுவே பாடினார். சபைக்காரர்கள் கொதித்தார்கள். கிளப்புக்கும் கோயிலுக்கும் நடுவே இருந்த சுவரை ஒரு பெண் கிட்டாரோடு கடந்தது கலகம் இல்லையென்றால் வேறு எது கலகம்? 1947இல் மேக்கன் நகரில் தன் கச்சேரிக்கு முன் ஒரு பதினான்கு வயதுப் பையனை மேடையேற்றிப் பாட வைத்தார். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்ட். ரே சார்ல்ஸ் 1954இல் ஒரு காஸ்பெல் பாட்டின் மெட்டில் காதல் பாட்டைப் பாடினார். வரியில் கடவுள் போய்க் காதலி வந்தாள், தாள அடி மாறவில்லை. தோல் ஜாக்கெட்டையும் முறைப்பையும் வைத்து ராக் அண்ட் ரோலை அளந்தால் இந்தப் பெண்மணி கண்ணில் படவே மாட்டார். 2018 வரை ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் சேர்க்கப்படவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

கே: அப்படியானால் அவருடையதுதானே முதல் பாட்டு?

மறுபடியும் முதலா! இல்லை. ஆண்டை விடுங்கள்.

கே: மெட்டல் இசை பற்றி?

என் எல்லைக்கு வெளியே.

கே: அக்கா, நீங்கள் சொன்னபடி தட்டிப் பார்த்தேன். கை ஒன்றிலேயே விழுகிறது.

சரி, கையை விடுங்கள். எழுந்து நின்று ஒன்றுக்கு வலது கால், மூன்றுக்கு இடது கால் என்று நின்ற இடத்திலேயே நடங்கள். நடை நிலைத்த பிறகு, கால் தரையில் படாத இரண்டிலும் நான்கிலும் மட்டும் தட்டுங்கள். ஃபேட்ஸ் டாமினோ பாட்டு எதையாவது போட்டுக்கொள்ளுங்கள், அவசரப்படுத்த மாட்டார்.