மேகம் புகும் வீட்டில் கறுப்பு மரச்சாமான் போடலாமா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கோத்தகிரியில் சின்ன வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். கூடத்துக்கு ஒரே ஜன்னல், அதுவும் கிழக்குப் பார்த்தது. மகளுக்குக் கறுப்பு மரச்சாமான்தான் பிடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பகலிலேயே விளக்குப் போடும் ஊரில் கறுப்பைப் போட்டால் வீடு இருண்டுவிடாதா? இதற்கிடையில் ஒரு தரகர், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவிலிருந்து வந்த கருங்காலி செட் என்று ஒரு சாப்பாட்டு மேசை, ஆறு நாற்காலி, ஓர் அலமாரிக்கு 1,80,000 ரூபாய் கேட்கிறார். முன்பணம் கொடுத்தால் எடுத்து வைப்பாராம். வாங்கலாமா?

பதில்: முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

முதலில் உங்கள் பயம். கூடத்தை இருட்டாக்குவது பெரும்பாலும் சுவரும் மேல்தளமும் தரையும்தான். இவை மூன்றும் வெளிர் நிறமாக இருந்தால் ஒரு கறுப்பு மேசையும் நாற்காலிகளும் வெளிச்சத்தைப் பெரிதாகக் குடித்துவிடாது. சுவருக்கு வெண்ணெய் நிறம் அடியுங்கள். மேல்தளம் பலகை என்றால் அதற்கும் வெள்ளை. கறுப்பை மேசை, நாற்காலி, ஒரு சின்ன அலமாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோஃபாவும் திரைச்சீலையும் வெளிறியே இருக்கட்டும். ஜன்னலுக்கு நேர்கீழே கறுப்புப் பொருளை வைக்காதீர்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் அது வெறும் நிழலாகத்தான் தெரியும். பக்கச் சுவரை ஒட்டி வைத்தால் காலை வெயில் சாய்வாக விழுந்து மரத்தின் ரேகை எழும்பும். பல்பு வாங்கும்போது பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் (மஞ்சள் வெளிச்சம்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 6500 போட்டது மூட்டமான மாலையில் கூடத்தை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிவிடும். இருட்டுக்கு இவ்வளவு போதும்.

எனக்குக் கவலை வேறு. கறுப்புப் பூச்சு எதையும் மறைத்துவிடும். மலையில் விற்கும் கறுப்பு மரச்சாமானில் பாதி ஏமாற்று அந்தப் பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது.

கருங்காலியின் வைரம், அதாவது நடுக்கட்டை, தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அகலப் பலகையாகக் கிடைப்பது அபூர்வம். ஆறு பேர் உட்காரும் மேசைக்கு மேல்பலகை முழுக்கக் கருங்காலி என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கருங்காலி மாலை, கருங்காலிக் கோல் என்று அந்தப் பெயருக்கு இப்போது ஒரு மவுசு வந்திருக்கிறது. தரகர்கள் அதைத்தான் காசாக்குகிறார்கள். இன்னொரு வித்தை ‘பிளாக்வுட்’ என்ற சொல். ஆங்கிலத்தில் ஈட்டி (ரோஸ்வுட்) மரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் நட்ட ஒருவகை வாட்டில் மரத்துக்கும் அதே பெயர். முதலாவது கருஞ்சிவப்பு ஓடிய அருமையான மரம். இரண்டாவது பழுப்பு மரம், கெட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஈட்டியின் விலைக்கு அதை வாங்கக்கூடாது. தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்குக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி ஈட்டி என்று விற்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. இந்த மலையில் சொந்த வீட்டு வாசலில் நிற்கும் மரத்தை வெட்டவே 1955-ம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்க வேண்டும். பட்டா நிலத்து ஈட்டியைக் காப்பாற்ற 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள். சட்டம் வேண்டியதுதான், காடு மிஞ்ச வேண்டும். ஆனால் கூரை மேல் சாயும் மரத்துக்கு மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைபவரை நான் அறிவேன். அதே ஊரில் ‘ஈட்டி செட்’ என்று வண்டியில் ஏற்றிவந்து விற்பவரை எந்த அலுவலகமும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும். மரத்தின் பெயரை எழுதிய பில் கொடுங்கள் என்று சொல்லுங்கள். பில் இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

குன்னூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி ஒரு கறுப்பு அலமாரி வாங்கியது. இரண்டாவது மழைக்காலத்தில் அடித்தட்டில் மாவு மாதிரி தூள் கொட்டியது. பிரித்துப் பார்த்தோம். வைரமே இல்லை, முழுக்க வெள்ளைக் கட்டை, உள்ளே உளுத்துக் கிடந்தது. ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து மேலே கறுப்பு அடித்திருந்தார்கள். விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். கருங்காலி என்பது பொய்யாக இருந்தும் பொருள் வாங்கத் தகுந்ததாக இருக்கலாம். பழைய பங்களாச் சாமான்களில் நல்ல தேக்கில் செய்து அரக்கு பாலிஷ் ஏற்றியவை உண்டு. வருடக்கணக்கில் புகையும் கைப்பிசுக்கும் ஏறி அவை கறுத்துப் போயிருக்கும். அப்படிப்பட்டதைத் தேக்கு விலைக்கு வாங்கினால் உங்கள் பேரப்பிள்ளைகளும் அதில் சாப்பிடுவார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மேசையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேயுங்கள். அரக்கு என்றால் இளகிப் பிசுபிசுவென்று பஞ்சில் ஒட்டும். புதிய பெயின்ட் அப்படி இளகாது. அப்புறம் ஆசாரியை விட்டு உளியால் நகக்கண் அளவு சீவச் சொல்லுங்கள். தேக்கானால் எண்ணெய்ப் பசை தெரியும், தோல் வாசனை மாதிரி ஒன்று வரும். ஸ்க்ரூவையும் பாருங்கள். பழையதில் ஒற்றைக் கோடுதான் இருக்கும். கூட்டல் குறி போட்டிருந்தால் அது புதுச் சாமான், இல்லையென்றால் யாரோ பிரித்துப் பூட்டியது. பிரம்பு பின்னிய இருக்கை கிழிந்திருந்தால் பரவாயில்லை, மறுபடி பின்னிக்கொள்ளலாம். கால்கள் ஆடினால்கூடப் பரவாயில்லை. ஊசித் துளையும் தூளும் இருந்தால் மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

புதிதாகச் செய்வதென்றால் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் தரம்) முத்திரை உள்ளதைக் கேளுங்கள். முத்திரையைப் போலியாகவும் அச்சடித்துவிடலாம். அதனால் ஒரு துண்டை வெந்நீரில் போட்டு எட்டு மணி நேரமாவது கொதிக்கவிட்டு, ஏடு பிரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தூள் அட்டைப் பலகை (பார்ட்டிகிள் போர்டு) வேண்டவே வேண்டாம், ஈரத்தில் உப்பிவிடும். கறுப்பு ரெக்சின் சோஃபாவும் வேண்டாம், சில வருடத்தில் செதில் செதிலாக உரியும்.

பாலிஷ் வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் இருக்கும் ஈரத்தில் பாலிஷ் ஏற்றினால் வெள்ளையாகப் பூத்துவிடும், கறுப்பில் அது அப்படியே தெரியும். சமவெளியில் செய்து கொண்டுவந்தால் இங்கே மரம் ஊறும், இழுப்பறை மாட்டிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் இடைவெளி விட்டுச் செய்யச் சொல்லுங்கள். வெளிச்சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளியே வையுங்கள். பூஞ்சை வந்தால் கறுப்பில் முதல் நாளே தெரிந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து வெயில் காட்டினால் போதும்.

தரகர் திரும்ப வந்தால் மேசையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். சம்மதித்தால் அடிப்பலகையையும் ஒரு ஸ்க்ரூவையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், விலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.