அமெரிக்க டிவி எழுத்தாளர் ஷோண்டா ரைம்ஸ் சீரியல்ல வேற வேற இனத்துக்காரங்க லவ் பண்றது ஏன் சாதாரணமா காட்டப்படுது?

இதுக்கு காரணம் கலர்பிளைண்ட் காஸ்டிங், அதாவது பாத்திரம் என்ன இனம்னு ஸ்கிரிப்ட்ல போடாமலே நடிகரை தேடுறது. ஜாதி கேக்காம வீடு வாடகைக்கு விடுற மாதிரின்னு வச்சுக்கோங்க. கறுப்பினப் பெண்ணான ரைம்ஸ் 2005ல வந்த 'கிரேஸ் அனாட்டமி'ங்கிற ஆஸ்பத்திரி சீரியலோட பைலட்டை (முதல் எபிசோடை) அப்படித்தான் எழுதினாங்க, அதனாலதான் அதுல லவ் பண்ற கொரிய வம்சாவளி கிறிஸ்டினாவும் கறுப்பின டாக்டர் பர்க்கும் சண்டை போட்டா அது வேலை, ஈகோ சண்டை, இனப் பிரச்சினை இல்ல. ஆனா இப்படி செஞ்சா பாத்திரத்தோட கலாச்சாரமும் காணாம போயிடுதுன்னு ஒரு விமர்சனம் இருக்கு, எனக்கும் அது நியாயமாத்தான் படுது. ரைம்ஸ் கம்பெனியோட இன்னொரு சீரியலான 'பிரிட்ஜர்டன்'ல, 2022ல வந்த ரெண்டாவது சீசன்ல, கலாச்சாரத்தைக் காட்ட ஹல்தி (கல்யாணத்துக்கு முன்னாடி மஞ்சள் பூசுற சடங்கு), தலைக்கு எண்ணெய் எல்லாம் வச்சாங்க (தமிழ் வம்சாவளி சிமோன் ஆஷ்லிதான் ஹீரோயின்), ஆனா அவங்க பாத்திரத்தோட குடும்பப் பேரு வடஇந்தியப் பேரான ஷர்மா!

அதையும் ரைம்ஸே எழுதினாங்கன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அவங்க அதுல தயாரிப்பாளர்தான், உருவாக்கினது கிறிஸ் வான் டூசன்.