முதல் சிறுகதையை எந்தப் பத்திரிகைக்கு, எப்படி அனுப்புவது?

முதலில் கதைக்கு ஏற்ற இடத்தைப் பாருங்கள். ஜனரஞ்சக வார இதழான விகடனுக்குப் பொருந்தும் கதை, இலக்கிய இதழான காலச்சுவடுக்குப் பொருந்தாது. இரண்டிலும் பழைய இதழ்கள் நாலைந்து புரட்டினாலே தெரிந்துவிடும். 'கல்கி' வார இதழ் 2020-இல் அச்சை நிறுத்தியது. புதியவர்களுக்கு இப்போது சொல்வனம், வல்லினம் போன்ற இணைய இதழ்களே எளிய வாசல் என்பேன். அங்கே பக்க நெருக்கடி இல்லை.

யூனிகோடில் (எல்லாக் கணினியிலும் படிக்க வரும் எழுத்து முறையில்) தட்டச்சு செய்து வேர்டு கோப்பாக அனுப்புங்கள். கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினால் யார் உட்கார்ந்து தட்டச்சு செய்வார்கள்? மின்னஞ்சலில் பெயர், முகவரி, 'இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளியாகவில்லை' என்று ஒரு வரி. கதைச்சுருக்கம், தத்துவ விளக்கமெல்லாம் வேண்டாம்.

ஆர்வத்தில் முன்கூட்டியே ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள், பல இதழ்கள் அதையும் பிரசுரமானதாகவே கொள்ளும். ஒரே கதையை இரண்டு இடத்துக்கு அனுப்புவதும் வம்பு. பதில் வராவிட்டால் இரண்டு மூன்று மாதம் பொறுத்து, ஒரு வரி எழுதித் தெரிவித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.