மலை வீட்டு அலமாரி: வெனீரா, மைகாவா?

வாசகர் கேள்வி - பதில்

கோத்தகிரி வாசகி: படுக்கையறைக்கு 6 அடி அகலம், 7 அடி உயரத்தில் அலமாரி செய்யப்போகிறோம். எனக்குத் தேக்கு வெனீர் (பலகை மேல் ஒட்டும் மெல்லிய மரத் தாள்) மேல் ஆசை. "மலையில் நிற்காது, மைகாவே (காகித அடுக்கில் செய்த லேமினேட் தாள்) போடுங்க" என்கிறார் ஆசாரி. பதினைந்து வருஷம் கழித்தும் பழசாகத் தெரியக் கூடாது. எதைப் போடலாம்?

படுக்கையறைக்கு வெனீர் தாராளமாகப் போடலாம். மலையில் வெனீரைக் கெடுப்பது பின்னாலிருந்து ஏறும் ஓதம்தான். அதனால் கண்ணில் படாத இடத்துக்கு முதலில் செலவு செய்யுங்கள். பெட்டிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் ரகம்) என்று அச்சிட்ட 18 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். எம்.ஆர். (ஓரளவு ஈரம் மட்டும் தாங்கும்) ரகம் யூரியா பசையில் ஒட்டியது. விடாத ஈரத்தில் அடுக்கு பிரிந்துவிடும்.

அலமாரியின் முதுகு வெளிச்சுவரில் ஒட்டி நிற்கக் கூடாது. 2 அங்குலம் இடைவெளி, அடியில் 4 அங்குலக் கால், மேலும் கீழும் காற்றுத் துளை, இந்த மூன்றும் கட்டாயம். உங்கள் பக்கம் வடகிழக்கு மழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவர் ஈரமும் குளிர்ச்சியுமாகவே இருக்கும். அறையின் வெதுவெதுப்பான காற்று அந்தச் சுவரில் பட்டு நீர் கோத்துக்கொள்ளும். பட்டுப்புடவையில் பூஞ்சணம் ஏறுவது அங்கிருந்துதான்.

இனி அழகு. கோபுரம் கோபுரமாக வளைந்து ஏறும் ரேகையைக் கிரவுன் கட் என்பார்கள். ஒற்றைக் கதவில் அது அழகுதான். மூன்று கதவு வரிசையாக நின்றால் சில வருஷத்தில் கண்ணுக்கு அலுத்துவிடும். நேர்கோடாக ஓடும் குவார்ட்டர் கட் அலுக்காது, கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள். ஒரே கட்டையில் சீவிய, அடுத்தடுத்த எண் போட்ட தாள்களாகக் கேட்டு வாங்க வேண்டும். 8-க்கு 4 அடித் தாளில் 2 அடி அகலக் கதவு இரண்டு வரும். உங்கள் மூன்று கதவுக்கு 2 தாள் போதும்.

புதுத் தேக்கில் பச்சையும் கருப்புமாகக் கோடுகள் தெரிந்தால் தயங்க வேண்டாம். வெளிச்சம் படப்பட எல்லாம் ஒன்று சேர்ந்து பொன்பழுப்பாகிவிடும். மலை உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம் என்பதால் இங்கே அது சீக்கிரமே நடக்கும். அதுவரை கதவில் காலண்டர் மாட்டாதீர்கள். மறைத்த இடம் சதுரமாகத் தனியே தெரியும். வால்நட் இதற்கு நேர்மாறு, வெளுத்துக்கொண்டே போகும். ஜன்னல் எதிரே அதை வைக்க வேண்டாம்.

ஆசாரி சொல்லும் மைகா சமையலறைக்கும் குளியலறை ஓரத்துக்கும் சரியான பொருள். 1 மி.மீ. தடிமனில், பளபளப்பு இல்லாத மேட் ரகம் எடுங்கள். பளபளக்கும் கிளாஸ் மைகாவில் பலகையின் சிறு அலைகூட வெளிச்சத்தில் நெளிந்து தெரியும், கீறலும் தெரியும். மரரேகை மைகா என்றால் அச்சு திரும்பத் திரும்ப வரும். பக்கத்துப் பக்கத்துக் கதவில் ஒரே முடிச்சு ஒரே உயரத்தில் நின்றால் காகிதம் என்பது காட்டிக்கொடுக்கப்படும். வெட்டும்போதே இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தாள் கூடுதலாக வாங்கி வையுங்கள். அந்த டிசைன் எண் சில வருஷத்தில் கடையில் கிடைக்காமல் போகும்.

ஊட்டி வாசகர்: போன வருஷம் செய்த அலமாரிக் கதவுகளின் மேல், கீழ் முனைகள் வெளியே தள்ளி நிற்கின்றன. மழைக்காலத்தில் மோசம், ஜனவரியில் கொஞ்சம் குறைகிறது. கீலை முடுக்கியும் சரியாகவில்லை.

கதவின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெளியே மைகா ஒட்டி, உள்ளே வெறும் பெயின்ட் அடித்திருப்பார்கள். மைகா ஒட்டிய பக்கம் ஈரம் குடிக்காது. உள்பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை குடித்து உப்பும். உள்பக்கம் நீண்டால் கதவின் நடு உள்ளே போகும், முனைகள் வெளியே வரும். ஈரம் குறையும் மாதங்களில் கொஞ்சம் திரும்புவதே இதற்கு அடையாளம். கீல் ஓரிரு மி.மீ. மட்டுமே ஈடுகொடுக்கும், வளைவை நிமிர்த்தாது.

நேர்ச்சட்டத்தை நெடுக்கில் வைத்து அளந்து பாருங்கள். வளைவு 5 மி.மீ.க்குள் என்றால் காப்பாற்றலாம். உலர்ந்த மாதத்தில் கதவைக் கழற்றி, சமதரையில் ரீப்பர்களின் மேல் கிடத்தி, இரு பக்கமும் காற்றுப் படும்படி சில நாள் விடுங்கள். பிறகு உள்பக்கப் பெயின்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெளியே உள்ள அதே தடிமன் மைகாவை ஒட்டி, நாலு ஓரத்தையும் மூடுங்கள். ஒரு ஓரம் திறந்திருந்தாலும் ஈரம் அதன் வழியே ஏறும்.

மைகா ஒட்டும் வெள்ளைப் பசைக்கு உங்கள் ஊர்க் குளிர் ஆகாது. சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் அது படலமாகப் பிடிக்காமல் சுண்ணாம்புபோல் வெளுத்துக் காயும். அறையைச் சூடாக வைத்து, 24 மணி நேரம் பாரம் ஏற்றி வையுங்கள். எடுத்ததும் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். டொக்கென்று வெற்றொலி வந்தால் அங்கே பசை பிடிக்கவில்லை.

வளைவு 5 மி.மீ.க்கு மேல் என்றால் புதுக் கதவுதான். உயரக் கதவுக்கு பிளைவுட்டைவிட பிளாக்போர்டு (நடுவில் மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிய பலகை) நேராக நிற்கும். 7 அடிக் கதவுக்கு 5 கீல் வேண்டும். பலர் 3-ல் முடித்துவிடுகிறார்கள்.

கொடைக்கானல் வாசகி: நவம்பரில் வெனீர் கதவுக்கு லேக்கர் அடித்தார்கள். மறுநாளே பால் ஊற்றியதுபோல் வெள்ளை மூட்டம். மரம் கெட்டுவிட்டதா?

மரம் நன்றாகவே இருக்கிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும். மூடுபனிக் காற்றின் ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் என்றால், வெயில் உள்ள நாளில் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லிய தூவலாக அடித்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். மெலமைன் பாலிஷ் இறுகியபின் கரையாது. 400-ம் நம்பர் உப்புத்தாளால் மேல்படலத்தை மட்டும் தேய்த்து மறுபூச்சு கொடுக்க வேண்டும். இயந்திரத்தால் தேய்க்க விடாதீர்கள். 4 மி.மீ. வெனீர் பலகையில் தேக்கு அரை மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும், ஓரத்தில் ஒரு இழுப்பு அதிகமானால் அடிப்பலகை எட்டிப் பார்க்கும்.

மறுபூச்சை ஜனவரி முதல் மார்ச் வரையான நாட்களில், காலை 11-லிருந்து மாலை 3-க்குள் முடியுங்கள். கதவின் உள்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கைப் பூச்சு வேண்டும்.

குன்னூர் வாசகர்: பழைய பங்களாவில் கணப்பைச் சுற்றி மரரேகை மைகா ஒட்டலாமா?

வேண்டாம். தொடர் சூட்டில் பசை இளகி மைகா கொப்பளிக்கும், வாயருகே கருகவும் செய்யும். கணப்பு வாயிலிருந்து 1 அடிக்குக் கல்லோ செங்கல்லோ இருக்கட்டும். அதைத் தாண்டிய இடத்தில் கெட்டித் தேக்குச் சட்டம் வைத்து, வெனீரை அதற்கும் வெளியே தொடங்குங்கள்.